கல்லைத் தாண்டிய சோதனை ஓட்டம்

என் அக்காவின் கணவரை அவர் வேலை பார்த்த பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ரவுண்டு’ என்பார்கள். வயதில் இளையவர்கள் ‘ரவுண்டு அண்ணன்’ என்பார்கள். புதிதாகக் கேட்பவர்கள் ஆள் பெரிய குடிகாரர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவரோ சோடா குடித்தாலே விக்கல் எடுக்கும் ஆள். எந்த வண்டியின் வேலை முடிந்தாலும் சாவியைக் கையைவிட்டுக் கொடுக்க மாட்டார். “இன்னும் ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாம்” என்பார். முதலாளி பல்லைக் கடிப்பார், வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார், அத்தான் அதற்குள் கேட்டைத் தாண்டியிருப்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

அது வேன்களை வீடாக மாற்றும் பட்டறை. சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேனைக் கொண்டுவந்து விட்டால், உள்ளே கட்டில், அலமாரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, போகிற இடத்தில் தங்கும்படி செய்து தருவார்கள். மெத்தை என்ன நிறம் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், அத்தனை பாரமும் பின் அச்சில் போய் உட்காரும் என்பதை யோசிப்பதே இல்லை. வேலை முடிந்ததும் வண்டி பின்னங்காலில் குந்திய நாயைப் போல நிற்கும். அதை நிமிர்த்துவதுதான் அத்தானின் வேலை. பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டுப் பாரத்துக்கேற்ற புதிய பட்டைகளைக் கட்டி, அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்களை மாற்றி, மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசிச் சொல்தான் அவர் வாயிலிருந்து லேசில் வராது.

சந்தேகம் அவர் உடம்போடு பிறந்தது. ஏணியை ஆட்டிப் பார்த்துத்தான் ஏறுவார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, போட்ட நாற்காலியை நாலு பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா மட்டும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வெளியாள் யாரும் அதுவரை கண்டுபிடித்ததில்லை.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். என் பேருந்தின் ஸ்பிரிங் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே உயிரை விட்டுவிட்டது. அதனால் அத்தான் தன் நுணுக்கங்களை விளக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். குலுங்கினால் குலுங்கட்டும், போய்ச் சேர்ந்தால் போதாதா என்பேன். பாவம், இவளுக்கு அவ்வளவுதான் தெரியும் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே இன்னும் ரெண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவேன்.

சோதிப்பதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வண்டியில் யார் யார் போவார்கள் என்று கேட்டு, ஆளுக்கொரு மணல் மூட்டை கட்டுவார். அப்பா எடைக்கு ஒன்று, அம்மா எடைக்கு ஒன்று, குழந்தைகளுக்குச் சின்னதாக. அவரவர் உட்காரும் இடத்தில், படுக்கும் இடத்தில் அந்த மூட்டையை வைத்துத்தான் ஓட்டுவார். எடையைக் கேட்டால் எல்லோரும் குறைத்துச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை என்னைக் கேட்டார், சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூட்டையில் இன்னும் ஒரு மண்வெட்டி மணலை அள்ளிப் போட்டார். நான் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை.

மூட்டை மட்டும் போதாது, மாவும் வேண்டும். பள்ளத்தில் வண்டி இறங்கும்போது அச்சு மேலே எழும்பும். எழும்பி வண்டியின் சட்டத்தில் இடித்துவிடாமல் இருக்க, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு ரப்பர் கட்டைகள் இருக்கும். அச்சு அந்தக் கட்டையைத் தொட்டாலே ஸ்பிரிங் தோற்றுவிட்டது என்று அர்த்தம். அந்த அடி நேராக உள்ளே இருப்பவர் முதுகில் இறங்கும். தொட்டதா இல்லையா என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆகவே கட்டையின் முனையில் மாவு உருண்டை ஒன்றை ஒட்டிவைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்து கீழே படுத்துப் பார்ப்பார். உருண்டை உருண்டையாகவே இருந்தால் நல்லது. அமுங்கியிருந்தால் மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் ஸ்பானர். முதலில் சன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கப் பூசும் மக்குப் பசையை வைத்துப் பார்த்தாராம், அது வெயிலில் இளகி வழிந்தது. அக்காதான் கோதுமை மாவில் அள்ளி உப்புப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து கொடுத்தாள். உப்பு கரிப்பதால் எலி தொடாது, எறும்பு வராது, காய்ந்தால் கல்லாகிவிடும். அதிலிருந்து பட்டறையின் அத்தனை வண்டிகளுக்கும் மாவு எங்கள் அக்கா வீட்டுச் சமையலறையிலிருந்துதான் போனது.

அக்காவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூட்டைக்கு வாய் கிடையாது என்பதால், கடைசி ஓட்டத்தில் வண்டியின் உள்ளறையில் ஒரு ஆள் ஏறியாக வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்கும் உள்ளறைக்கும் நடுவே தகரத் தடுப்பு இருக்கும். எஞ்சின் சத்தத்தில் பேசினால் கேட்காது. அதனால் தட்டு. பள்ளத்தைத் தாண்டியதும் தடுப்பில் ஒரு தட்டு தட்டினால் நன்றாக இருக்கிறது, இரண்டு தட்டினால் அடிக்கிறது. மற்ற பெண்களை வீட்டுக்காரர்கள் சினிமாவுக்குக் கூட்டிப்போவார்கள். எங்கள் அக்காவை அத்தான் சோதனை ஓட்டத்துக்குக் கூட்டிப்போனார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம், விடுமுறை நாள் தவறாமல் நடந்தது. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை, நானும் பேசப்போவதில்லை.

சோதனை ஓட்டத்துக்கு ஒரே பாதைதான். ஊருக்கு வெளியே கல் குவாரிக்குப் போகும் சாலை. லாரிகள் அதை உழுது வைத்திருக்கும். அந்தச் சாலை முடியும் இடத்தில் ஒரு வெள்ளைக் கல் நட்டிருக்கிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு மண் பாதை குன்றின் மேல் வளைந்து ஏறி மறைந்துபோகும். அத்தான் கல்லைத் தொட்டதும் வண்டியைத் திருப்பிவிடுவார், சோதனைக்கு அவ்வளவு தூரம் போதும். ஒவ்வொரு தடவையும் பின் சன்னல் வழியாக அக்கா அந்தப் பாதை எங்கே போகிறது என்று எட்டிப் பார்ப்பாளாம். அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று கேட்டால், நமக்கென்று ஒரு வண்டி வரட்டும், போய்ப் பார்க்கலாம் என்பாராம் இவர்.

வண்டியும் வந்தது. மின்கம்பி பழுதுபார்க்கிறவர்கள் மலைப்பக்கம் ஓட்டிக் கழித்த பழைய வேன், நாலு சக்கரமும் இழுக்கும் வகை. அத்தான் அதை வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தி, ஓய்வு நேரமெல்லாம் அதிலேயே கிடந்தார். மடக்கும் மேசை, குலுங்கினாலும் திறக்காத அலமாரி, இரண்டு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அக்கா தைத்த திரைச்சீலை. பார்க்கக் கண் கொள்ளாது. பாரம் தாங்க வேண்டும் என்று ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்த்தார், வண்டி கட்டைபோல அடித்தது. பட்டையை எடுத்தார், வண்டி தாழ்ந்தது. இந்த வருஷம் போகலாம் என்பார், இன்னும் ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம் என்பார், மழை வந்துவிடும், அடுத்த வருஷம் என்பார். ஊரில் உள்ள வண்டிகள் எல்லாம் எங்கெங்கோ போயின. எங்கள் வண்டி வெள்ளைக் கல்வரைக்கும் போய்விட்டு வந்தது. நான் கேலி செய்வேன். அக்கா செய்யவில்லை, அவள் பாட்டுக்கு மாவு பிசைந்து கொடுத்தாள்.

பிறகு அவளுக்கு முதுகெலும்பில் நோய் வந்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக இருந்தது. செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள், அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்றும் சொன்னார்கள். எங்கேயாவது போய்வர ஆசைப்பட்டால் போகலாமா என்று அக்காவே கேட்டாள். உட்கார்ந்து போகக் கூடாது, படுத்துப் போகலாம், குலுங்கக் கூடாது என்றார் மருத்துவர். குலுங்காத வண்டி எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அத்தான் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அவர் அப்போதே மனசுக்குள் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல்லைத் தாண்டிப் போக வேண்டும்.

அத்தான் பட்டறைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வண்டியின் பின்பக்கத்தை மொத்தமாக மாற்றினார். நீளமான, மெல்லிய பட்டைகள், எண்ணிக்கையில் குறைவு. ஷாக் அப்சார்பரும் புதிது. ஒரு திருகைத் திருப்பினால் இறுகும், எதிர்ப்பக்கம் திருப்பினால் தளரும். பழையபடி மூட்டைகளை ஏற்றி ஓட்டினார். அக்காவின் மூட்டை கட்டிலில் கிடந்தது. கல்யாணமான காலத்திலிருந்து அவளுக்கென்று இருந்த மூட்டை அது, அவள் உடம்பு போட்டபோதெல்லாம் இவர் மணல் சேர்த்தது. இப்போது அவளைப் பார்த்தால் துணிக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேட வேண்டும். நான் சும்மா இருக்கமாட்டாமல், அத்தான், இது பழைய எடை அல்லவா என்று கேட்டுவிட்டேன். இந்த எடை வித்தியாசம் வண்டிக்கு ஒரு பொருட்டே இல்லை என்றார். உண்மைதான், அவ்வளவு பெரிய வண்டிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் என் எடையில் ஒரு மண்வெட்டி மணலுக்குச் சமரசம் செய்யாத மனிதர் அவர். மறுநாள் போனபோது கொட்டகை வாசலில் மூட்டையை அவிழ்த்துவைத்து, கிண்ணத்தால் மணலை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். தராசைப் பார்ப்பார், இன்னும் ஒரு கிண்ணம் எடுப்பார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய் அக்காவோடு எதையோ பேசிச் சிரித்துவிட்டு வந்தேன்.

மூட்டையின் எடை சரியாக வந்தபின் ஒரு காலை நேரத்தில் அக்காவையே ஏற்றினோம். மெத்தைமேல் மெத்தை, இரண்டு பக்கமும் தலையணை, இடுப்பில் தளர்வாக ஒரு பட்டை. நான் முன்னால் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குவாரிச் சாலையில் முதல் பள்ளம். ஒரு தட்டு. இரண்டாவது பெரிய பள்ளம், எனக்கே பல் நறநறத்தது. ஒரு தட்டு. லாரிச் சக்கரம் தோண்டிய இடத்தில் வண்டி இறங்கி ஏறியது. ஒரு தட்டு. அத்தானின் முகத்தில் வெளிச்சம் ஏறிக்கொண்டே போனது. இத்தனை வருஷத்தில் அவர் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெள்ளைக் கல்வரை போய்த் திரும்பினோம். நானும் நம்பினேன். ஆசை இருந்தால் எதைத்தான் நம்பமாட்டோம்?

கொட்டகைக்கு வந்ததும் வழக்கம்போல வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது உள்ளங்கையில் மாவு இருந்தது. இரண்டு உருண்டையும் நாணயம் மாதிரி தட்டையாகி, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. பின்கதவைத் திறந்து, படுத்திருந்த அக்காவின் கண்ணுக்கு நேராக அதை நீட்டினார்.

“அச்சு முட்டியிருக்கு. ரெண்டு பக்கமும் முட்டியிருக்கு. நீ ஒரு தட்டுத்தான் தட்டுன.”

அக்கா மாவைப் பார்த்தாள். அவள் பிசைந்த மாவே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் நெற்றி முழுக்க வியர்வை, கீழுதட்டில் பல் பதிந்த அடையாளம். அதை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

“ரெண்டு தட்டுனா என்ன பண்ணுவீங்க?” என்றாள். “மறுபடி ஜாக்கி வைப்பீங்க. கழட்டுவீங்க, மாட்டுவீங்க, இன்னும் ஒரு ரவுண்டும்பீங்க. எனக்கு அவ்வளவு நாள் இல்லீங்க.”

அவர் கண் மூலையில் கிடந்த ஜாக்கி பக்கம் போனது.

“வலிக்குது, இல்லேங்கல. வீட்ல சும்மா படுத்திருந்தாலும்தான் வலிக்குது. அந்தக் கல்லத் தாண்டிப் போயி வலிக்கட்டுமே.”

அத்தான் கையை மூடிக்கொண்டார். மாவு விரலிடுக்கில் பொடிந்து விழுந்தது. அவர் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கோபத்தோடு கத்துவார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. கடைசியில் கேட்டார்:

“இனிமே பொய்யாத் தட்டமாட்டேன்னு சொல்லு. கூட்டிட்டுப் போறேன். இந்த வாரமே போறோம்.”

“தட்டமாட்டேன்,” என்றாள்.

அந்த வாரம் அவர் ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை. பாரத்தைக் குறைத்தார். பார்த்துப் பார்த்துச் செய்த அலமாரியைக் கழற்றி வெளியே வைத்தார். மேசை வந்தது, அடுப்பு வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது. எத்தனையோ வருஷ வேலை ஒரே பகலில் கொட்டகை வாசலில் குவிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, இதையெல்லாம் செய்ததே இந்தப் பயணத்துக்குத்தானே என்று சண்டைக்குப் போனேன். பாரம் குறைந்தால் அச்சுக்கும் கட்டைக்கும் நடுவே இடம் கூடும், அவ்வளவுதான் என்றார். உள்ளே கட்டிலும் திரைச்சீலையும் மிச்சமிருந்தன. டயரில் காற்றையும் பாதிக்கு இறக்கினார்.

கிளம்பும் நாள் காலையில் அக்கா மாவு கேட்டாள். நான் பிசைந்து தருகிறேன் என்றேன். உனக்குப் பக்குவம் தெரியாது, உன் மாவு உன் பேருந்து மாதிரி இருக்கும் என்றாள். கட்டிலில் சாய்ந்தபடியே தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்தாள். உருட்ட அவள் கையில் பலமில்லை. இரண்டு பங்காகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் உள்ளங்கைக்குள் வைத்து ஒரு பிடி பிடித்து விட்டாள். நாலு விரலும் அதில் பதிந்திருந்தன. அத்தான் அவற்றை அப்படியே வாங்கிக்கொண்டு போய்க் கட்டையில் ஒட்டினார்.

குவாரிச் சாலையில் அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முதல் பள்ளத்துக்கே இரண்டு தட்டு. அத்தான் நிறுத்திவிட்டு இறங்கி அடியில் பார்த்தார், மாவு அமுங்கவில்லை, ஷாக்தான் இறுக்கம் என்று திருகைத் திருப்பிவிட்டு வந்தார். கொஞ்ச தூரத்தில் மறுபடி இரண்டு தட்டு, மறுபடி நிறுத்தினார். பின்னால் வந்த லாரிகள் ஒலி எழுப்பிவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. நான் தலையை வெளியே நீட்டி, பேருந்துக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த சில வார்த்தைகளால் பதில் சொன்னேன். கல்லை அடைவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். வழக்கமாகத் திரும்பும் இடம். அவர் கை ஸ்டீயரிங்கை ஒடிக்கத் தொடங்கி, பாதியில் நின்றது. பிறகு நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் கம்பியைத் தள்ளி, இருப்பதிலேயே மெதுவான கியரைப் போட்டார். என்னை இறங்கி முன்னால் நடக்கச் சொன்னார். பாதையில் கல் இருந்தால் பொறுக்கி எறிய வேண்டும், சக்கரம் எந்தப் பக்கம் போனால் சமமாக இருக்கும் என்று கையைக் காட்ட வேண்டும். நான் நடந்தேன், வண்டி என் பின்னால் நடந்தது. எறும்பு கூட எங்களை முந்தியிருக்கும். பேருந்தில் ஒரு நாளும் ஒரு பள்ளத்துக்காகப் பிரேக்கைத் தொடாதவள், அன்று கூழாங்கல்லைக்கூட விடாமல் குனிந்து பொறுக்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளியே நடந்த எனக்குத் தட்டு கேட்கவில்லை. கேட்டது அத்தானுக்கு மட்டும். கல்லைத் தாண்டியதிலிருந்து ஒரு தடவைகூட இரண்டு தட்டு விழவில்லை என்று பிறகு சொன்னார். பாதை முழுக்க ஒவ்வொரு தட்டுத்தான்.

குன்றின் மேல் ஏறியதும் பாதை ஒரு புல்வெளியில் போய்க் கரைந்துவிட்டது. அத்தான் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பின்கதவை அகலமாகத் திறந்தார். புல், அதற்கப்பால் ஒரு சரிவு, சரிவுக்குக் கீழே பெயர் தெரியாத ஒரு குட்டை, அதற்கப்பால் இதே மாதிரி இன்னொரு குன்று. அக்கா தலையணையில் தலையைத் திருப்பிப் பார்த்தாள். “இவ்வளவுதானா?” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், அன்று நாற்காலியை ஆட்டியதற்குச் சிரித்தாளே, அதே சிரிப்பு. எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்த வேண்டாம், காற்று நன்றாக இருக்கிறது என்றாள். நான் புல்லில் உட்கார்ந்தேன். அத்தான் படியில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டார்.

ஆனால் சந்தேகம் அவரை விடவில்லை. சாலையில் இரண்டு தட்டு தட்டியவள், சாலையே இல்லாத இடத்தில் எப்படி ஒரு தட்டு தட்டுவாள்?

“மேல ஏறினப்ப தட்டுனதெல்லாம் நெசமா?” என்று கேட்டார்.

“கீழ போயி மாவப் பாருங்க,” என்றாள் அவள்.

அவர் எழுந்தார். படியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“வேண்டாம், நம்புறேன்,” என்றார்.

இறங்கும்போதும் அப்படியே மெதுவாக இறங்கினோம். அக்கா தூங்கிக்கொண்டே வந்தாள். அதன்பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. கடைசிவரைக்கும் வந்தவர்களிடமெல்லாம் அந்தக் குட்டையைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு ஆளுக்கும் குட்டை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது, கடைசியில் வந்தவர்களுக்கு அது ஏரி.

வண்டியைக் கொட்டகையில் நாலு கட்டையின் மேல் தூக்கி நிறுத்திவிட்டார் அத்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிற மனிதர், அதைக் கழுவவில்லை. குன்றின் மண் அப்படியே ஒட்டிக் காய்ந்தது. பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. அந்த வண்டிக்கு அடியில் யாரையும் விடவும் இல்லை. துக்கம் என்று விட்டுவிட்டோம். ஒரு மழைக்காலம் போனது, வெயில் வந்தது, மறுபடி மழை வரப்போகிறது. என் விடுப்பு நாளில் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன், வண்டியின் வாசற்படி துருப்பிடித்திருந்தது. எனக்கு வந்ததே கோபம். அவள் தைத்த திரைச்சீலை உள்ளே தொங்குகிறது, வண்டி மக்கிப்போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறீர்களா என்று வாயில் வந்ததைக் கேட்டேன். நீங்கள் கழுவாவிட்டால் நான் கழுவுகிறேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். வேண்டாம் என்று அவர் எழுந்து ஓடிவந்தார், பாதியில் நின்றார், எனக்கு அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துக்கம் மட்டும் இல்லை, பயம். அவள் அன்றைக்குத் தட்டியதெல்லாம் உண்மையா, இல்லை நமக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாளா என்பதற்குச் சாட்சி இந்த இருட்டுக்குள்தான் இருக்கிறது. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்தபின் என்ன செய்வது? அதனால்தான் இத்தனை நாளாகப் பார்க்காமலே இருந்திருக்கிறார்.

செருப்பு அசையவில்லை. மேலிருந்து குரல் மட்டும் வந்தது.

“அமுங்கிருக்கா?”

நான் கையால் தடவித் தேடினேன். இடது ரப்பர் கட்டை, மண். மண்ணுக்கு அடியில் அது இருந்தது. கல்லாகக் காய்ந்திருந்தது. மேலே படிந்த மண்ணை மெதுவாக ஊதினேன். பிறகு வலது பக்கம் நகர்ந்து அதையும் பார்த்தேன். மறுபடி இடது பக்கம் வந்து விரலால் தடவிப் பார்த்தேன்.

“சொல்லும்மா. எதுவானாலும் சொல்லு.”

“அமுங்கல அத்தான். ரெண்டுமே அமுங்கல. அக்கா விரல் நாலும் அப்படியே இருக்கு.”

அவர் கீழே படுத்தார். முதுகால் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்தார். நான் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டேன். தொடவில்லை அவர். ஒவ்வொரு விரல் பள்ளத்தையும் தனித்தனியாகப் பார்த்தார், பட்டறையில் ஒவ்வொரு நட்டையும் பார்ப்பாரே, அதே பார்வை. கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனதை அவர் துடைக்கவில்லை.

“சரியா இருக்கு,” என்றார்.